டெர்மினலில் எழுத்தும் வண்ணமும்: எதை எங்கே மாற்றுவது?

லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள், கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் தமக்கேற்ப மாற்ற நினைத்தால் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் கை வைக்கிறார்கள். எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று .பாஷ்ஆர்சி என்ற தொடக்க அமைப்புக் கோப்பைத் திறந்து வரிவரியாகத் தேடுவார்கள். ப்ராம்ப்ட்டின் (கட்டளை தட்டும் இடத்துக்கு முன்னால் வரும் குறியின்) நிறம் பிடிக்கவில்லை என்று டெர்மினலின் மெனுவைக் குடைவார்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் தேடியது இருக்காது.

திரையில் ஒரு வரி தெரிவதற்குப் பின்னால் மூன்று அடுக்குகள் வேலை செய்கின்றன. எந்தெந்த எழுத்துருக்கள் கணினியில் உள்ளன, ஒன்றில் இல்லாத எழுத்தை வேறு எதிலிருந்து எடுப்பது என்பதையெல்லாம் ஃபான்ட்கான்ஃபிக் என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. எழுத்துருவின் பெயர், அளவு, பின்னணி நிறம், ஜன்னலின் அகலம் எல்லாம் டெர்மினல் செயலியின் பொறுப்பு. ‘இந்தச் சொல்லை நீலத்தில் காட்டு’ என்று கேட்பது ஷெல்லும் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) அதற்குள் ஓடும் நிரல்களும். ஆனால் அந்த நீலம் எப்படிப்பட்ட நீலம் என்பதை டெர்மினல்தான் தீர்மானிக்கிறது. இது பிடிபட்டுவிட்டால் மீதி வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

உபுண்டு 24.04இல் வரும் க்னோம் டெர்மினலை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். ஃபெடோரா 41 முதலும் உபுண்டு 25.10 முதலும் அந்த இடத்துக்கு ப்டிக்ஸிஸ் என்ற புதிய செயலி வந்திருக்கிறது. மெனுக்களின் முகம் மாறியிருக்கும். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது விடிஇ என்ற ஒரே நிரலகம்தான். கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் ஒரு புதிய ப்ரொஃபைல்

டெர்மினலைத் திறந்து, மேலே மூன்று கோடு போட்ட பொத்தானை அழுத்தி ப்ரிஃபரன்ஸஸ் போங்கள். இடப்பக்கத்தில் ப்ரொஃபைல்ஸ் (எழுத்து, நிறம் முதலிய அமைப்புகளின் தொகுப்புகள்) என்ற தலைப்பும் பக்கத்திலேயே ஒரு + குறியும் இருக்கும். அதை அழுத்திப் புதிதாக ஒன்றை உருவாக்கி ‘தினசரி’ என்று பெயர் வையுங்கள். பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம், ஒரு சிக்கலும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் ப்ரொஃபைலைத் தொடாதீர்கள். எழுத்தும் பின்னணியும் ஒரே நிறமாகி எதுவும் தெரியாமல் போனால் திரும்ப ஓர் இடம் வேண்டும். புதியது திருப்தியாக வந்தபின் அதன் பெயருக்குப் பக்கத்திலுள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தி அதையே இயல்பானதாக ஆக்கிக்கொள்ளலாம்.

கன்ட்ரோலையும் + விசையையும் அழுத்தினால் எழுத்து பெரிதாகும், கன்ட்ரோலும் - விசையும் சிறிதாக்கும், கன்ட்ரோலும் 0 விசையும் பழைய அளவுக்குக் கொண்டுவரும். இது அந்த ஜன்னலுக்கு மட்டும்தான், மூடினால் மறந்துவிடும். எந்த அளவு கண்ணுக்குச் சரிவருகிறது என்று கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்திவிட்டு, நிலையாக வைக்க ப்ரொஃபைலுக்குப் போங்கள்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது

டெர்மினல் ஜன்னல் கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. அதனால் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துருதான் வேண்டும், மோனோஸ்பேஸ் என்பார்கள். வேறு வகையைப் போட்டால் எழுத்துகளுக்கு நடுவே ஓட்டை விழும், அல்லது ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

எது நல்லது? இணையத்தில் இதற்காகச் சண்டையே நடக்கும். அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், குழப்பத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பூஜ்யத்தையும் ஆங்கிலப் பெரிய ஓவையும் அடுத்தடுத்துத் தட்டுங்கள். பிறகு ஒன்று என்ற எண், சின்ன எல், பெரிய ஐ, குழாய்க் கோடு ஆகிய நான்கையும் வரிசையாக. அடுத்து ஆர், என் இரண்டையும் சேர்த்துத் தட்டி, பக்கத்தில் ஓர் எம். கடைசியாக ஒற்றை மேற்கோள் குறியையும், டேபுக்கு மேலே இருக்கும் சாய்ந்த குறியையும். ஒரு கணம் தயங்காமல் இவை அனைத்தையும் பிரித்தறிய முடிகிறதா? முடிந்தால் அந்த எழுத்துரு போதும். கடவுச்சொல்லையோ சர்வர் முகவரியையோ பார்த்துத் தட்டும்போது காப்பாற்றுவது இதுதான், வளைவுகளின் நளினம் அல்ல.

இந்தச் சோதனையில் தேறும் சில பெயர்கள்: டெஜாவூ சான்ஸ் மோனோ, ஹேக், ஜெட்பிரெயின்ஸ் மோனோ, ஃபிரா கோட், ஐபிஎம் ப்ளெக்ஸ் மோனோ. டெஜாவூ, பிட்ஸ்ட்ரீம் வேரா என்ற பழைய எழுத்துருவிலிருந்து வளர்ந்தது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் கேட்காமலேயே இருக்கும். ஹேக்கும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஜெட்பிரெயின்ஸ் மோனோ 2020இல் வெளியானது. அதில் சின்ன எழுத்துகள் உயரமாக இருப்பதால் குறைந்த அளவிலும் படிக்க முடியும். எனக்குக் கேட்டால் அதிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

ஃபிரா கோடின் புகழுக்குக் காரணம் லிகேச்சர். குறைவு, சமம் என்ற இரண்டு குறிகளை அடுத்தடுத்துத் தட்டினால் கணக்குப் புத்தகத்தில் வருவதுபோல் ஒரே குறியாகக் காட்டும். அதற்காகவே நிறுவிவிட்டு, க்னோம் டெர்மினலில் வரவில்லையே என்று தேடாதீர்கள். விடிஇ லிகேச்சரைக் காட்டுவதில்லை. மற்ற டெர்மினல் செயலிகளில் கன்சோலும் கிட்டியும் காட்டும், அலாக்ரிட்டி காட்டாது.

நிறுவுவதற்கு எளிய வழி தொகுப்பு மேலாளர். சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று தட்டி, ஃபான்ட்ஸ்-ஜெட்பிரெயின்ஸ்-மோனோ, ஃபான்ட்ஸ்-ஹேக், ஃபான்ட்ஸ்-ஃபிராகோட் ஆகியவற்றில் எது வேண்டுமோ அதன் பெயரைக் கொடுங்கள். தொகுப்பில் இல்லாத எழுத்துருவை இறக்கியிருந்தால் அதைக் கையால் வைக்க வேண்டும். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல்+ஹெச் அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். அதில் .லோகல், அதற்குள் ஷேர், அதற்குள் ஃபான்ட்ஸ். கடைசி ஃபோல்டர் இல்லையென்றால் நீங்களே உருவாக்குங்கள். ஜிப்பைப் பிரித்து டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் கோப்புகளை அங்கே போடுங்கள். டபிள்யூஓஎஃப்எஃப் என்று முடிபவை இணையப் பக்கங்களுக்கானவை, அவற்றை விட்டுவிடலாம். இப்படி வைக்க நிர்வாகி உரிமை தேவையில்லை. அலுவலகக் கணினியில் சூடோ இல்லாதவர்களுக்கு இதுவே வழி.

போட்டபின் எஃப்சி-கேஷ் என்ற கட்டளையை ஓட்டினால் ஃபான்ட்கான்ஃபிக் தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும். எஃப்சி-லிஸ்ட் என்று தட்டினால் கணினியிலுள்ள எல்லா எழுத்துருவும் வரும். புதியதன் பெயர் அதில் இருந்தால் வேலை முடிந்தது. டெர்மினலை ஒருமுறை முழுதாக மூடித் திறந்து, ப்ரொஃபைலின் டெக்ஸ்ட் பக்கத்தில் கஸ்டம் ஃபான்ட் கட்டத்தில் டிக் போட்டு அதைத் தேர்ந்தெடுங்கள்.

அளவு பற்றி ஒரு சிறு கணக்கு. 12 என்றால் எல்லா எழுத்துருவிலும் ஒரே அகலம் என்று நினைக்க வேண்டாம். ஜெட்பிரெயின்ஸ் மோனோவில் ஓர் எழுத்தின் அகலம் எழுத்துரு அளவில் பத்தில் ஆறு பங்கு. உபுண்டு மோனோவில் சரிபாதி. உபுண்டுவில் எழுத்து அளவு 13 என்று வைத்தே கொடுக்கிறார்கள், அப்படியும் ஒடுக்கமாகத்தான் தெரியும். அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது எண்ணை அப்படியே வைக்காமல் கண்ணால் பார்த்து மாற்றுங்கள்.

நெர்டு ஃபான்ட்ஸ் என்ற பெயரையும் பார்ப்பீர்கள். ஏற்கெனவே உள்ள எழுத்துருக்களில் ஃபோல்டர், கிளை, பேட்டரி போன்ற சின்னச் சின்னப் படங்களைச் சேர்த்தவை. அலங்கார ப்ராம்ப்ட் வைக்கும்போது படங்களின் இடத்தில் வெறும் கட்டம் தெரிந்தால் இதுதான் குறை. ஒவ்வொன்றும் சில வகைகளாக வரும்; டெர்மினலுக்குப் பெயரில் மோனோ என்று முடிவதை எடுத்தால் படங்கள் ஒரு கட்டத்துக்குள் அடங்கும், ஆனால் சின்னதாகத் தெரியும்.

தமிழ் ஏன் இப்படித் தெரிகிறது?

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இதில் முட்டிக்கொள்வார்கள். மூன்று விதமாகக் கெடலாம், மூன்றுக்கும் காரணம் வேறு.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை கொடுத்ததும் பெயருக்குப் பதில் 340, 256 என்று எண்கள் வரிசையாக வந்தால், எழுத்துருவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகும். ‘அ’ என்பது எட்டை அடியாகக் கொண்ட எண் முறையில் 340, 256, 205. லொக்கேல் என்ற மொழி, எழுத்துமுறை அமைப்பு சரியாக அமையாததால் அந்த பைட்டுகளை எழுத்தாகச் சேர்க்கத் தெரியாமல் எண்ணாகவே கொட்டுகிறது. லொக்கேல் என்று தட்டிப் பாருங்கள். வரிகளின் முடிவில் யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். வெறும் சி என்றோ போசிக்ஸ் என்றோ இருந்தால் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். புதிதாக வாடகைக்கு எடுத்த சர்வர்களில் இது அடிக்கடி வரும்.

எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால், கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை. மேலே சொன்ன ஒற்றையகல எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. ஃபான்ட்கான்ஃபிக் வேறொன்றிலிருந்து கடன் வாங்கித்தான் காட்டுகிறது. கடன் வாங்க இடமில்லாதபோது கட்டம். ஃபான்ட்ஸ்-டாம்ல் என்ற தொகுப்பை நிறுவினால் லோஹித் தமிழ் போன்றவை வந்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் வேண்டுமானால் ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்.

மூன்றாவது வகைதான் தீராத தலைவலி. எழுத்து வருகிறது, ஆனால் ஒன்றின் வால் மற்றொன்றின்மேல் ஏறியிருக்கிறது, கொம்பு நசுங்குகிறது, பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கர்சர் எங்கோ நிற்கிறது. ‘ர’வும் ‘ணொ’வும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடங்குமா? துணைக்காலுக்கு ஒரு கட்டம், புள்ளிக்குக் கட்டமே இல்லை என்று ஒரு கணக்கு உண்டு. ஷெல் ஒரு கணக்கும் டெர்மினல் வேறு கணக்கும் வைத்திருந்தால் கர்சர் இடம் மாறி நிற்கும். எந்த எழுத்துருவை மாற்றினாலும் இது முழுதாகச் சரியாகாது. ஆங்கில எழுத்தின் அளவுக்கு வெட்டிய கட்டத்தில் தமிழை உட்காரவைப்பதால் வரும் வினை.

ஓரளவு தணிக்க ஒரு வழி இருக்கிறது. டெக்ஸ்ட் பக்கத்தில் செல் ஸ்பேசிங் என்று இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று அகலத்துக்கு, மற்றது உயரத்துக்கு. ‘தமிழ்’ என்று தனி ப்ரொஃபைல் வைத்து அகலத்தை 1.2 அல்லது 1.3 ஆக்குங்கள், உயரத்தை 1.1 ஆக்குங்கள். ஆங்கிலம் கொஞ்சம் பல் விழுந்த மாதிரி ஆகும்தான். ஆனால் தமிழ்ப் பெயர்கள் நிறைந்த ஃபோல்டரில் வேலை செய்யும்போது படிக்க முடியும். எம்எல்டெர்ம் என்ற செயலி பல மொழி எழுத்துகளுக்காகவே செய்யப்பட்டது. கட்டத்தின் அகலத்தை எழுத்துக்கு எழுத்து மாற்றும் வசதி அதில் உண்டு. தமிழ்க் கோப்பைத் திருத்துவதற்கு மட்டும் டெர்மினலை நம்பாதீர்கள், சாதாரண உரைத்திருத்தியைத் திறப்பதே நிம்மதி. கோப்புப் பெயரை முழுக்கத் தட்டாமல் முதல் எழுத்தைத் தட்டி டேப் அழுத்தினால் மீதியை ஷெல் நிரப்பிக்கொள்ளும்.

ஜன்னலின் அளவு

டெர்மினல் 80 பத்தி (அதாவது ஒரு வரியில் 80 கட்டம்), 24 வரி என்றே திறக்கும். அந்த 24 வரி 1978இல் வந்த விடி100 முனையத்தின் திரையளவு. 80 அதற்கும் மூத்தது. ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் இருந்த பத்திகளின் எண்ணிக்கை அது. இன்றைய திரைக்கு அந்த உயரம் போதாது. டெக்ஸ்ட் பக்கத்தின் மேலேயே இந்த எண்கள் உள்ளன. 100 பத்தி, 32 வரி என்று வைத்துப் பாருங்கள். 1920 பிக்சல் திரையை இரண்டாகப் பிரித்தால், 12 அளவிலுள்ள ஜெட்பிரெயின்ஸ் மோனோவில் ஒரு பாதிக்கு ஏறத்தாழ 100 பத்தி கிடைக்கும். பக்கத்தில் உலாவியை வைத்துக்கொள்ளத் தோதாக இருக்கும். 80க்குக் கீழே மட்டும் போகாதீர்கள், பல நிரல்களின் வெளியீடு மடிந்து படிக்க முடியாமல் போகும். ஜன்னல் பிக்சலில் அல்லாமல் கட்டத்தில் அளக்கப்படுவதால், எழுத்துருவைப் பெரிதாக்கும்போது ஜன்னலும் கூடவே வளர்வது இயல்பு.

வண்ணம்

கலர்ஸ் பக்கத்தில் முதலில் சிஸ்டம் தீமிலிருந்து நிறம் எடுக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அதன்பிறகே மற்றவை திறக்கும். கீழே பேலட் என்று இரண்டு வரிசையில் 16 கட்டங்கள். மேல் வரிசையில் கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மெஜந்தா, சயான், வெள்ளை; கீழ் வரிசையில் அவற்றின் வெளிர் வடிவங்கள். நிரல்கள் பெரும்பாலும் ‘நான்காம் எண் நிறம்’ என்றுதான் கேட்கும். அந்தக் கட்டத்தில் நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்களோ அதுதான் திரையில் வரும்.

எல்எஸ் காட்டும் பட்டியலில் ஃபோல்டர்கள் தடித்த நீலத்தில் வரும். இயங்கும் கோப்புகள் பச்சை, இணைப்புகள் சயான், ஜிப் போன்றவை சிவப்பு. கறுப்பிலோ உபுண்டுவின் கத்தரிப்பூ நிறப் பின்னணியிலோ அந்த அடர்நீலம் கண்ணைச் சுருக்க வைக்கும். புதியவர்கள் இதற்காக முழு வண்ணத் திட்டத்தையே மாற்றுகிறார்கள். அவ்வளவு வேண்டாம். பேலட்டின் மேல் வரிசையில் ஐந்தாவது கட்டத்தை அழுத்தி, வானத்து நீலத்தை நோக்கி நகர்த்துங்கள். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் நான்காம் எண் என்பது ஐந்தாவது கட்டம்.

சில ஃபோல்டர்கள் பச்சைப் பின்னணியில் நீல எழுத்தாக, படிக்கவே முடியாதபடி வரும். விண்டோஸ் டிஸ்க்கை இணைத்துப் பார்த்தால் முழுப் பட்டியலும் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று உரிமை உள்ள ஃபோல்டர் என்ற எச்சரிக்கை அது. இதை டெர்மினல் மெனுவில் மாற்ற முடியாது, கேட்பவர் எல்எஸ். டிர்கலர்ஸ் கட்டளையை -பி (ஆங்கில p, b அல்ல) என்ற தெரிவுடன் ஓட்டி, வெளியீட்டை ஹோம் ஃபோல்டரில் .டிர்கலர்ஸ் என்ற கோப்பாகச் சேமியுங்கள். அதில் அதர்-ரைட்டபிள் என்று தொடங்கும் வரியில் 34;42 என்று இருப்பதை 01;34 என்று மாற்றினால் சாதாரண ஃபோல்டர் போலவே தெரியும். உபுண்டுவின் .பாஷ்ஆர்சி இந்தக் கோப்பைத் தானாகவே படித்துக்கொள்ளும்.

முழுத் திட்டமும் வேண்டுமென்றால் உள்ளேயே சோலரைஸ்டு இருக்கிறது, 2011இல் ஈதன் ஷூனோவர் வெளியிட்டது. அது வெளிர் வரிசையில் பல கட்டங்களைச் சாம்பல் நிறங்களுக்கு ஒதுக்கிவிடும். அதில் ஒன்று அடர் பின்னணியின் நிறமேதான். ஆகவே தடித்த எழுத்தை வெளிர் நிறத்தில் காட்டும் தெரிவில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையெனில் சில சொற்கள் காணாமல் போகும், ஃபோல்டர்கள் சாம்பலாகும்.

ஒளி ஊடுருவும் பின்னணி படத்துக்கு அழகு. பின்னால் ஒரு வலைப்பக்கம் இருக்கும்போது பிழைச் செய்தியைப் படித்துப் பாருங்கள், நீங்களே அணைத்துவிடுவீர்கள்.

மற்றச் சில்லறைகள்

கர்சர் வடிவம், சிமிட்டல், மணியோசை எல்லாம் டெக்ஸ்ட் பக்கத்திலேயே உள்ளன. மணியோசையை முதல் நாளே அணைத்துவிடலாம். ஸ்க்ரோலிங் பக்கத்தில் 10,000 வரிகள் என்ற வரம்பு இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு அது போதும். வெளியீடு வரும்போது கீழே தாவும் தெரிவை மட்டும் அணைத்து வையுங்கள். நீளமான வேலை ஓடும்போது மேலே போய்ப் படிக்க விடாது.

சர்வருக்குத் தனி நிறம்

ப்ரொஃபைலின் உண்மையான பயன் இங்கேதான். ‘சர்வர்’ என்று இன்னொன்றை உருவாக்கி அடர் சிவப்புப் பின்னணி கொடுங்கள். சொந்தக் கணினி என்று நினைத்து சர்வரில் கோப்பை அழிப்பதைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. சர்வருக்குள் போனதும் நிறம் தானாக மாறாது என்பதால், கமாண்ட் பக்கத்தில் ஷெல்லுக்குப் பதில் வேறு கட்டளையை ஓட்டும் தெரிவில் சர்வருக்குள் நுழைய நீங்கள் தட்டும் எஸ்எஸ்ஹெச் கட்டளையை எழுதுங்கள். அந்த ப்ரொஃபைலைத் திறந்தாலே சிவப்பு ஜன்னலில் சர்வர் வந்து நிற்கும்.

வேறு டெர்மினல் வைத்திருப்பவர்களுக்கு

கேடிஇ டெஸ்க்டாப் பயன்படுத்துபவர்களின் கன்சோலில் எழுத்துருவும் நிறத் திட்டமும் ப்ரொஃபைலின் அப்பியரன்ஸ் பக்கத்தில் சேர்ந்தே இருக்கும். அதன் உள்ளமைந்த ப்ரொஃபைலைத் திருத்த முடியாது. புதிதாக ஒன்றை உருவாக்கித்தான் ஆக வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பின் டெர்மினலில் எடிட் மெனுவின் ப்ரிஃபரன்ஸஸ். பழைய எக்ஸ்டெர்மில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு வலது சொடுக்கினால் எழுத்துரு மெனு வரும். ஆனால் அது அந்த நேரத்துக்கு மட்டும். நிலையாக வைக்க .எக்ஸ்ரிசோர்ஸஸ் (.Xresources) கோப்பில் ஃபேஸ்நேம் (faceName), ஃபேஸ்சைஸ் (faceSize) என்ற இரண்டையும் பெரிய எழுத்து மாறாமல் எழுதி, எக்ஸ்ஆர்டிபி கட்டளையை -மெர்ஜ் தெரிவுடன் ஓட்ட வேண்டும்.

எடுத்து வைத்துக்கொள்ள

க்னோம் டெர்மினல் தன் அமைப்புகளைச் சாதாரண உரைக் கோப்பில் வைப்பதில்லை, டிகான்ஃப் என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. அதனால் ஹோம் ஃபோல்டரில் தேடினால் கிடைக்காது. டிகான்ஃப்-சிஎல்ஐ தொகுப்பை நிறுவி, டிகான்ஃப் டம்ப் என்று தட்டி, இடைவெளி விட்டு /ஆர்க்/க்னோம்/டெர்மினல்/ என்ற பாதையைக் கொடுங்கள். முதலிலும் கடைசியிலும் உள்ள சாய்கோடுகள் அவசியம். வருவதை > குறியால் ஒரு கோப்பில் சேமியுங்கள். புதிய கணினியில் முதலில் எழுத்துருக்களை நிறுவிவிட்டு, டிகான்ஃப் லோட் என்று அதே பாதையைக் கொடுத்து < குறியால் அந்தக் கோப்பை உள்ளே அனுப்புங்கள். உருவாக்கிய ப்ரொஃபைல்கள் நிறத்தோடும் அளவோடும் வந்துவிடும். எழுத்துருவை நிறுவ மறந்தால் மட்டும், பெயர் ஜெட்பிரெயின்ஸ் என்று இருக்க, திரையில் வேறேதோ தெரியும்.